இடப்பக்கம் தானாக நடந்த மஞ்சள் பனியன்காரன்

திரையில் மஞ்சள் பனியன்காரன் தானாக இடப்பக்கம் நடந்துகொண்டிருந்தான்.

மெஷினின் ஜாய்ஸ்டிக் குச்சியை யாரும் தொடவில்லை. அதுவரை ஆடிக்கொண்டிருந்த லோகேஷ் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு, "நான் இல்லப்பா, நான் தொடவே இல்ல" என்று சுற்றி நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். மஞ்சள் பனியன்காரன் திரையின் ஓரம்வரை போனான். அங்கேயும் நிற்காமல் சுவரில் முட்டிக்கொண்டே நடந்தான். எதிராளி சாவகாசமாகப் பின்னால் வந்து, முதுகில் நாலு உதை விட்டு ஆட்டத்தை முடித்துவைத்தான்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த வீடியோ கேம் கடையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நிற்க இடம் இருக்காது. வியர்வை, பான் மசாலா, சூடேறிய பிக்சர் டியூப் எல்லாம் கலந்து ஒரு வாடை அடிக்கும். அந்தக் கூட்டம் முழுக்க 'அய்யய்யோ' என்று கத்தியது. நான் மட்டும் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொள்ளக்கூட இல்லை.

கடைக்காரர் பாஷா பாய் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். "இன்னாம்மா சிரிப்பு? ஞாயித்துக்கெழம அதுவுமா மெஷின் போச்சுன்னு நான் வயிறு எரிஞ்சி நிக்கறன்."

"போவட்டும் பாய். இதுக்குத்தான் மூணு வாரமா காத்துனு கெடந்தன்" என்றேன்.

உண்மைதான். அந்த மஞ்சள் பனியன்காரன் நடந்த நடை என் வேலையைக் காப்பாற்றப்போகிறது என்று நம்பினேன். எப்படி என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போன வாரப் பகுதியைப் படித்துவிட்டு ஒருவர், 'அம்மா, நீங்கள் ஒருத்தரைக்கூட நல்லதாகச் சொல்வதே இல்லையே' என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். இந்த வாரமும் அவருக்குப் பெரிதாக ஆறுதல் கிடைக்காது.

விரலும் காதும்

செல்போனில் பாம்பு வளரும் விளையாட்டை எல்லோரும் அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்த காலம். உத்தனப்பள்ளியிலிருந்து தினமும் பஸ் ஏறி ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு ஸ்விட்ச் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். அவர்களுக்கு என்னால் இலவச விளம்பரம் எதற்கு?

வீட்டுச் சுவரில் இருக்கும் ஸ்விட்ச் இல்லை இது. மைக்ரோ ஸ்விட்ச். தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது. கறுப்பு உடம்பு, மேலே ஒரு சின்னப் பொத்தான். அமுக்கினால் 'டிக்' என்று போகும், விட்டால் 'டக்' என்று திரும்பி வரும். அவ்வளவுதான் அதன் வாழ்க்கை.

எங்கள் மேஜையில் ஆறு பெண்கள். ஒவ்வொரு ஸ்விட்ச்சையும் ஆள்காட்டி விரலால் அமுக்கி, காதால் கேட்டு அனுப்ப வேண்டும். 'டிக்' சரியாக இருந்து 'டக்' சோம்பலாக வந்தால், "இது தூங்குது" என்போம். தூங்குகிற ஸ்விட்ச்சுக்குச் சிவப்புப் பொட்டு வைத்து ஓரமாகத் தள்ள வேண்டும். கம்பெனி கொடுத்த சிவப்புப் பெயிண்ட் எப்போதோ காய்ந்து கட்டியாகிவிட்டது. புது டப்பா கேட்டால் மூன்று பேர் கையெழுத்து வேண்டும். அதனால் நாங்களே நெயில் பாலிஷ் வாங்கிவைத்துப் பொட்டு வைத்தோம். வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் புகழ்ந்த தரக்கட்டுப்பாடு, பஸ் ஸ்டாண்ட் பேன்ஸி ஸ்டோர் நெயில் பாலிஷில் நடந்தது.

அந்த ஸ்விட்ச் எங்கே போகிறது என்பதை வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். பெரும்பாலும் தகடு வெட்டும் பிரஸ் மெஷினின் முன்கதவுக்கு. கதவைத் திறந்தால் மெஷின் நிற்க வேண்டும். ஸ்விட்ச் தூங்கிவிட்டால், கதவு மூடியிருக்கிறது என்றே மெஷின் நினைத்துக்கொள்ளும். உள்ளே ஒருத்தன் கை இருக்கும்.

எங்கள் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு வரும் கைகளைப் பார்த்தால் போதும். இந்தப் பகுதியில் எத்தனை பிரஸ் ஷாப் இருக்கிறது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஒன்றில் ஒரு விரல் பாதி, இன்னொன்றில் இரண்டு. அந்தக் கைகளைப் பார்த்துவிட்டுப் போய் மேஜையில் உட்காருகிறவளுக்குக் காது தானாகக் கூர்மையாகிவிடும். எனக்கு ஆனது. ஆறு பேரில் என் காதுதான் உசத்தி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் மறுத்துப் பேசியதில்லை. என் வாய்க்குப் பயந்து பேசாமல் இருந்திருக்கலாம்.

மிக்ஸிக்குப் போன இடம்

பாஷா பாய் கடையில் பாதி மிக்ஸி ரிப்பேர், பாதி வீடியோ கேம். எங்கள் வீட்டு மிக்ஸி ஜாரைக் கொடுத்துவிட்டு நின்றபோது பக்கத்து மெஷினிலிருந்து சத்தம் வந்தது. டிக், டிக், டிக். எல்லாம் 'டிக்'. 'டக்'கைக் காணோம்.

"பாய், இது தூங்குது" என்றேன்.

"எது?"

"அந்தக் குச்சி. தொறங்க, பாக்கலாம்."

"இது ஆம்பளப் பசங்க ஆடற சாமான்மா. உனக்கு இன்னா தெரியும்?"

இந்தக் கேள்வியைக் கேட்ட ஆண்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தால் அது ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போய்ச் சேரும். அவருடைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நானே திறந்தேன்.

குச்சிப் பெட்டியைக் கவிழ்த்தால் அடியில் நாலு பக்கமும் நாலு மைக்ரோ ஸ்விட்ச். நாலிலும் சிவப்புப் பொட்டு. என் நெயில் பாலிஷ்! நான் கழித்துப்போட்ட சரக்கு! 'கழிவு ஸ்விட்ச்சுகளைச் சுத்தியலால் நசுக்கிய பிறகே வெளியே அனுப்ப வேண்டும்' என்று எங்கள் கம்பெனிச் சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். ஒட்டியதோடு கடமை முடிந்தது. நசுக்காமல் விட்டதைப் பழைய சாமான்காரர் எடைக்கு வாங்கிப்போய், அவரிடமிருந்து பாய் வாங்கியிருக்கிறார்.

அதைவிடக் கூத்து ஒன்று இருந்தது. இடப்பக்கம் சரியாக வேலை செய்யவில்லை என்று பாய் இடது ஓரத்து ஸ்விட்ச்சை மூன்று முறை மாற்றியிருந்தார். குச்சியின் மேல்முனையை இடது பக்கம் தள்ளினால் அடிமுனை வலது பக்கம் போகும். அமுங்குவது வலது ஓரத்து ஸ்விட்ச். இதை நான் குச்சியை ஆட்டிக் காட்டியபோது பாய் தானும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

"ரெண்டு வருசமா நல்லா இருந்ததையே கழட்டிக் கழட்டி மாட்டினு இருந்தனா?" என்றார் கடைசியில்.

"ஆமா பாய்" என்றேன். மிக்ஸி ஜாரை அன்றே சரிசெய்து கொடுத்துவிட்டார்.

ஃபீல் வியாபாரம்

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் குச்சி பார்ப்பது என் வேலையானது. நான் தேடிப் போகவில்லை என்று சொன்னால் பொய். பிடித்துத்தான் போனேன். பாய் பெங்களூருவிலிருந்து நல்ல ஸ்விட்ச் வாங்கிவந்து தருவார். நான் மூடியை பிளேடால் நெம்பித் திறந்து, உள்ளே இருக்கும் செப்புத் தகட்டை இடுக்கி முனையால் மயிரிழை அளவு வளைப்பேன். வளைவு கூடினால் அமுக்கம் லேசாகும். குறைந்தால் விறைக்கும். நடுவிலிருக்கும் ஸ்பிரிங்கை மாற்றினால் குச்சி சட்டென்று நடுவுக்குத் திரும்பும். பொத்தானை அமுக்கும் லீவரைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் பாதி தள்ளும்போதே 'டிக்' வரும்.

கேட்டுக்கொண்டு வந்தார்கள் பாருங்கள், அந்த வீரர்கள்! மீசை முளைத்து, கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஆட்கள். ஒருத்தருக்கு வெண்ணெய் மாதிரி வேண்டும். இன்னொருத்தருக்குக் கல் மாதிரி வேண்டும். தோற்றவன் ஒவ்வொருத்தனும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "ஃபீல் இல்லக்கா." ஜெயித்தவன் எவனும் ஃபீலைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

ஒருநாள் வெறுத்துப்போய் ஒரு வேலை செய்தேன். குச்சிப் பெட்டியைத் திறந்தேன், உள்ளே ஊதினேன், எதையும் தொடாமல் மூடினேன். "இப்ப பாருங்க" என்றேன்.

"ஆங்! இப்ப வந்துச்சிக்கா ஃபீலு!" என்று குதித்தார் ஒருத்தர். பக்கத்தில் இருந்தவரும் தொட்டுப் பார்த்து, வேறு மெஷின் மாதிரி இருக்கிறது என்று சாட்சி சொன்னார். அடுத்து லோகேஷ் பிடித்தான். அத்திப்பள்ளிக்காரன், கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம். ஏதோ ஒரு வண்டிப் பாகக் கம்பெனியில் வேலை. குச்சியை நாலு பக்கமும் ஒருமுறை அசைத்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, நீவு ஏனூ மாடில்லா" என்றான். நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று.

எனக்குக் கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. கை என்றால் அவனுடையதுதான் கை. அவன் முகத்துக்கு நேராக இதை நான் சொன்னதே இல்லை. அவன் குச்சியைப் பிடித்துவிட்டு லேசாகத் தலையாட்டினால் எனக்கு அந்த வாரம் முழுக்கப் போதும். அதுவும் நான் சொன்னதில்லை.

தின்னர் துணி

கம்பெனியில் பயிற்சிப் பெண்களுக்குப் பச்சைக் கோட்டு. நிரந்தரமானவர்களுக்கு நீலக் கோட்டு. மூன்று வருஷம் முடிந்தால் ஆறு பேரில் இரண்டு பேருக்கு நீலம், மற்றவர்களுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸும் கும்பிடும். அந்த வருஷம் எங்கள் முறை.

எனக்கு அந்த நீலக் கோட்டு வேண்டும். அதற்குமுன் எனக்கென்று நான் எதையும் கேட்டதில்லை. படிப்பு அண்ணனுக்குப் போதும் என்றார்கள், சரி என்றேன். தக்காளித் தோட்டத்தில் கூடை தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். இந்தக் கோட்டு மட்டும் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. பட்டியலில் முதல் பெயர் என்னுடையது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் நயினார் சார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தரக்கட்டுப்பாட்டுக்குப் புது இன்ஜினியர். சட்டைப்பையில் நாலு கலர் பேனா. கூடவே ஒரு அளவுக் கருவியைக் கொண்டுவந்தார். ஸ்விட்ச்சை அதில் வைத்தால் ஒரு ஊசி இறங்கி அமுக்கும், திரும்பும், நம்பர் காட்டும், பச்சை விளக்கு எரியும். ஆறு பெண்களின் விரலுக்கு அது பதில் என்றார்.

அதே சமயத்தில் உள்ளே போடும் செப்புத் தகடு வேறு இடத்திலிருந்து வர ஆரம்பித்தது. விலை மலிவு. புதுத் தகடு போட்ட முதல் லாட் எங்கள் மேஜைக்கு வந்தது. அமுக்கினேன். டிக். விட்டேன். ட...க். தூங்குது. அடுத்ததும் தூங்குது. மதியத்துக்குள் என் தட்டு முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

நயினார் சார் வந்தார். ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்தார். பச்சை, பச்சை, பச்சை.

"இதுல என்னம்மா குறை கண்டீங்க?"

"போவும்போது சரியா போவுது சார். திரும்பி வரும்போது தூங்குது."

"திரும்பி வாறதயும் சேத்துத்தாம்மா இது அளக்குது. விரலு காலைல ஒண்ணு சொல்லும், மத்தியானம் சாப்பிட்டப்புறம் ஒண்ணு சொல்லும். மெஷினு அப்படி மாத்திப் பேசாது பாத்துக்கிடுங்க."

பாத்துக்கிடுங்களாம்! பிறகு ஒரு துணியைத் தின்னரில் நனைத்து, நான் வைத்த பொட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். நின்று, நிதானமாக, எங்கள் எல்லோர் முன்னாலும். அந்தத் தின்னர் நெடி இன்னும் எனக்கு மூக்கில் ஏறுகிறது. சுத்தமாக இருந்த ஸ்விட்ச்சுகளைப் பெட்டியில் அடுக்கி, 'ஓகே' முத்திரை குத்தினார்.

மறுநாளும் பொட்டு வைத்தேன். மறுநாளும் துடைத்தார். மூன்றாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"லிஸ்ட் அடுத்த மாசம் போவுது. ரிஜெக்‌ஷன் உங்க தட்டுல மட்டுந்தான் ஏறிக்கிட்டே போவுது. மேனேஜர் கேட்டா நான் என்ன எழுத?"

மிரட்டல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பக்கத்து ஸ்டூலில் உட்காருகிற கிரிஜாவிடம் வந்து பொரிந்து தள்ளினேன். கிரிஜா வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், வெளியே எதையும் அதிகம் பேசாதவள்.

"உட்டுடு ஈசு. பொட்டு வெக்காத. ஒரு மாசம் கம்முனு இரு, கோட்டு வந்துடும்."

"பிரஸ்ல எவனாச்சும் கை போச்சின்னா?"

"மெஷின் ஓகேன்னு சொல்லுதில்ல. உனுக்கு மட்டும் எப்டித் தெரியும்?"

எப்படித் தெரியுமா? அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. எனக்குத் தெரியும் என்பதை எல்லோருக்கும் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கொண்டைக்குள் நாலு

கேட்டில் லேடி செக்யூரிட்டி டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பார். இடுப்பைத் தடவுவார், பையைக் கவிழ்ப்பார். பூ வைத்த கொண்டையை மட்டும் தொடமாட்டார். நயினார் சார் துடைத்து 'ஓகே' போட்ட லாட்டிலிருந்து நாலு ஸ்விட்ச்சை எடுத்துக் கொண்டைக்குள் செருகி, மேலே கனகாம்பரத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். திருட்டுதான். வேறு பெயர் வைத்து அழகுபடுத்தப்போவதில்லை.

என் திட்டம் சாதாரணமானது. கருவி ஒரு ஸ்விட்ச்சைச் சில முறை அமுக்கிப் பார்த்துவிட்டுப் பச்சை காட்டுகிறது. பாஷா பாய் கடையில் கிடைக்கும் அடி உலகத்தில் எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் கிடைக்காது. லோகேஷ் ஆடும் மெஷினில் நாலையும் மாட்டுவேன். மூன்று வாரத்தில் தூங்கிவிடும். கொண்டுபோய் மேஜையில் போடுவேன். நீலக் கோட்டோடு வீடு போவேன்.

மாட்டிய முதல் ஞாயிறே லோகேஷ் முகம் சுளித்தான்.

"அக்கா, இது செத்த கை மாதிரி இருக்கு. லெஃப்ட், ரைட்டு ரெண்டும் பரல்லா. ஸ்வல்ப லைட் மாடி அக்கா." இரண்டு பக்கமும் வரவில்லையாம், கொஞ்சம் லேசாக்க வேண்டுமாம்.

"இருக்கறத ஆடு."

"உங்க கையில மாட்னதுன்னு வெளிய சொன்னா யாருமே நம்பமாட்டாங்கக்கா."

அப்படி ஒரு வார்த்தையை அவன் சொல்லியிருக்க வேண்டாம். இடதுக்கும் வலதுக்குமான இரண்டு ஸ்விட்ச்சையும் நெம்பித் திறந்து, தகட்டைக் கொஞ்சம் வளைத்துக் கொடுத்தேன். ஒரு நிமிஷ வேலை. குச்சியை அசைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். மேலுக்கும் கீழுக்குமான இரண்டை நான் தொடவில்லை.

அதிலிருந்து மூன்றாம் ஞாயிறு மஞ்சள் பனியன்காரன் தானாக நடந்தான். நான் சிரித்தேன். அந்த இடத்துக்கு வந்துவிட்டோம்.

ஒரே ஒரு கேள்வி

திங்கட்கிழமை காலை லைன் மீட்டிங். மேனேஜர், நயினார் சார், சூப்பர்வைசர், சுற்றிலும் பச்சைக் கோட்டுகள். நான் கைக்குட்டையை விரித்து நாலு ஸ்விட்ச்சையும் மேஜையில் வைத்தேன். இரவெல்லாம் பேசிப் பழகிய வசனத்தைப் பேசினேன்.

"சார் பொட்டத் தொடச்சி ஓகே போட்ட சரக்கு இது. இந்த ஒண்ணு இப்ப அமுங்குனா அமுங்குனபடியே கெடக்குது. பிரஸ் கதவுல இருந்திருந்தா ஒருத்தன் கை போயிருக்கும்."

"எங்க டெஸ்ட் பண்ண?" என்றார் மேனேஜர்.

"வீடியோ கேம் கடைல."

சிரித்தார்கள். சூப்பர்வைசர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். சிரிக்கட்டும், இதோ முடியப்போகிறது என்று நான் நிமிர்ந்து நின்றேன். நயினார் சார் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணில் லென்ஸை வைத்து நாலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மூடி ஓரத்துல பிளேடு தடம் கெடக்கு. தொறந்தீங்களா?"

அந்த ஒரு நொடியில்தான் எனக்கே விளங்கியது. நின்றுபோனது நான் வளைத்த ஸ்விட்ச். தகடு மட்டமாக இருந்ததால் நின்றதா, நான் வளைத்ததால் நின்றதா? கேட்டால் எனக்கே தெரியாது. மூன்று வருஷம் பழகிய விரல், காது, கொண்டைக்குள் திருட்டு, மூன்று வாரக் காத்திருப்பு, எல்லாவற்றையும் ஒரு நிமிஷத்தில் நாசமாக்கியிருந்தேன். எதற்கு? ஒரு அத்திப்பள்ளிக்காரன் தலையாட்டுவதற்கு. எத்தனையோ முட்டாள்களைப் பற்றி இந்தத் தொடரில் எழுதிவிட்டேன். இவ்வளவு நேர்த்தியான முட்டாளை நான் கண்ணாடியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தடம் எப்படி வந்தது என்று தெரியாது என்று சாதித்திருக்கலாம்.

"தொறந்தன் சார். லேசா இருக்கட்டும்னு வளச்சன்."

"மத்தது?"

"இன்னொண்ணும் மூடி தொறந்து வளச்சதுதான். நிக்கல. மீதி ரெண்டுல கை வெக்கல."

"அந்த ரெண்டும் வேல செய்யுதா?"

"செய்யுது."

அவர் தலையை மட்டும் அசைத்தார். அதற்குள் மேனேஜருக்கு இன்னொரு கேள்வி தோன்றிவிட்டது. நாலு ஸ்விட்ச் கேட்டைத் தாண்டி எப்படிப் போனது? அதற்கும் பதில் சொன்னேன். கொண்டையைத் தொட்டுக் காட்டியே சொன்னேன்.

மதியத்துக்குள் என் கணக்கு முடிந்தது. திருட்டு என்று எழுதத்தான் மேனேஜர் நின்றார். 'பயிற்சிக் காலம் நிறைவு' என்று எழுதவைத்தவர் நயினார் சார். வேறு கம்பெனியில் வேலை கிடைக்கட்டும் என்று. அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிச்சை போடுகிறான் என்று மனசுக்குள் ஒருமையில் திட்டினேன்.

கேட் வரை வந்து, நான் கை வைக்காத அந்த இரண்டு ஸ்விட்ச்சையும் என்னிடம் நீட்டினார்.

"இத அதே மெஷின்ல இடதுக்கும் வலதுக்கும் மாட்டுங்க. தொறக்காதீங்க. நின்னு போச்சுன்னா நேரா எங்கிட்ட கொண்டாங்க. மொத்த லாட்டயும் நான் திரும்ப வரவழைக்கேன்."

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். டிபன் பாக்ஸை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

காத்திருப்பு

மாட்டினேன். திறக்கவில்லை. லோகேஷ் கெஞ்சினான், திட்டினான், ஒருமுறை கோபித்துக்கொண்டு ஒரு மாதம் வராமலே இருந்தான். "ஆடுனா ஆடு, இல்லன்னா போ" என்றேன்.

வேறொரு பேக்கிங் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஞாயிறு தவறாமல் பாய் கடைக்குப் போவேன். ஆட்டத்தைப் பார்க்கமாட்டேன். ஓரமாக நின்று காதை மட்டும் கொடுப்பேன். டிக், ட...க். தூங்கத்தான் செய்கிறது, இதோ இந்த வாரம், அடுத்த வாரம் என்று நிற்பேன். "இன்னாம்மா, மெஷினுக்குச் சாபம் கீபம் உடறியா?" என்று பாய் கேட்டார். மலைக்கோயிலுக்கு ஏறிப்போய், அந்த இரண்டு ஸ்விட்ச்சும் நின்றுபோக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கற்பூரம் ஏற்றியவள் நான். அதே லாட் அப்போது எத்தனை பிரஸ் கதவுகளில் இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் வேண்டிக்கொண்டேன்.

அவை நிற்கவில்லை. மழை போனது, வெயில் போனது, நிற்கவில்லை. வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்து பாய் கடையில் கூட்டம் குறைந்தது. பிறகு முழுக்க மிக்ஸிக் கடையானது. மெஷினை வண்டியில் ஏற்றும்போது கடைசியாக ஒருமுறை குச்சியை இடது பக்கம் தள்ளி விட்டேன். டிக் என்று போய், சோம்பலாக ட...க் என்று வந்து நின்றது.

சில வருஷம் கழித்து ராயக்கோட்டை பஸ்ஸில் கிரிஜாவைப் பார்த்தேன். நீலக் கோட்டு, மடிப்பு கலையாமல். பக்கத்தில் இடம் காட்டினாள். வீடு, பிள்ளைகள் எல்லாம் பேசி முடித்த பிறகு நானாகத்தான் கேட்டேன்.

"அந்தப் புதுத் தகடு லாட்டு இன்னாச்சி? கம்ப்ளைண்ட் வந்துதா?"

"ஒண்ணுகூட வர்ல ஈசு. நானும் ரொம்ப நாளு பயந்துனுதான் இருந்தன். எந்தம்பி ஓட்டற பிரஸ்லயே அந்த ஸ்விட்ச்சுதான் மாட்டியிருந்தாங்க. தெனம் அவன் வூட்டுக்கு வந்ததும் மொதல்ல கையத்தான் பாப்பன்." அவள் சிரித்தாள். "இன்னிவரைக்கும் நல்லாகிறான். பத்து வெரலும் இருக்குது."

"ச்சே" என்றேன்.

மனசுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். கிரிஜாவின் சிரிப்பு நின்றதைப் பார்த்த பிறகுதான், வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது. அடுத்த நிறுத்தத்தில் முன்னால் ஒரு சீட் காலியானது. கிரிஜா பையை எடுத்துக்கொண்டு எழுந்துபோய் அங்கே உட்கார்ந்தாள்.